எனக்கு எத்தனை நாள் தீட்டு

1

செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. வேலை முடிந்து வரும்போது உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவது என் வழக்கம். பக்தி என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானாவில் நாள் முழுக்கத் தோலையும் பசையையும் மோந்த மூக்குக்குக் கொஞ்சம் விபூதி வாசம் வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் ஒருநாள் வாசலோடு நின்றுவிட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து பால்ராஜ் அண்ணாச்சி வந்தார். தாராவியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார், எங்கள் களக்காட்டுப் பக்கத்துக்காரர். நெற்றி நிறைய விபூதியோடு என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன செல்வம், வெளிய நிக்க? உள்ள வரலியா?"

"தீட்டு அண்ணாச்சி."

"ஐயோ, ஊர்ல யாருக்கு என்ன ஆச்சு?"

"ஊர்ல இல்ல, இங்கதான். மாமா தவறிட்டாங்க."

"இங்க உனக்கு எந்த மாமாடே?"

அதற்கு என்ன சொல்வது? ரயிலுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன். அண்ணாச்சி அங்கேயே நின்று ஊருக்கு ஃபோன் போட்டிருக்க வேண்டும். வண்டி குர்லா போய்ச் சேருவதற்குள் களக்காட்டிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டான். நமக்குத் தெரியாமல் உனக்கு எங்கேயிருந்துடா மாமா வந்தார் என்று கேட்டான். கூட்டத்தில் காது கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். இறந்தவர் ஹரியின் அப்பா. ஹரியும் நானும் பதினைந்து வருஷமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். ரூம்மேட் என்று நீங்கள் நினைத்துக்கொள்ள இத்தனை நாளும் இடம் கொடுத்துவந்தேன், இனி வேண்டாம். கல்யாணம் ஆனவர்கள் எப்படி வாழ்வார்களோ அப்படித்தான் வாழ்கிறோம். ஃபேனை எத்தனையில் வைப்பது என்று சண்டை போடுகிறோம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தன் லீவு போடுகிறான். யார் புருஷன், யார் பெண்டாட்டி என்று மட்டும் கேட்காதீர்கள். குக்கர் வைப்பவன் நான், துணி மடிப்பவன் அவன்.

ஆக, தீட்டு என்று நான் சொன்னேனே, அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன். அதற்குள் அதைத் திருப்பிக் கேட்கவும் ஆள் வந்திருந்தது.

2

களக்காட்டில் எனக்கு இருபத்துநாலு வயதில் பெண் பார்த்தார்கள். நல்ல பெண், டீச்சர் டிரெயினிங் முடித்தவள். எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. என்னைப் போன்றவனைச் சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாமே பஸ் ஸ்டாண்டில் கெட்ட பேச்சாகக் கேட்டவை. அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அம்மா முன்னால் என்மேலேயே ஒட்டிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் தானாக ஒரு முடிவுக்கு வந்தான், எனக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று. நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் ஊசி போட்டார், லேகியமும் கொடுத்தார், கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோளில் தட்டினார். திரும்பும் வழியில் அண்ணன் எனக்குப் பிடிக்குமே என்று பஸ்ஸை விட்டு இறங்கி நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிவந்தான். ஊரைவிட்டுப் போய்விடுவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அடித்திருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். அவன் பாசமாக இருந்தான். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பம்பாயில் முதலில் சித்தப்பா வீடு. தாராவியில் கீழே கார்கானா, மேலே குடித்தனம், ஏணி வைத்து ஏறும் வீடு. இரண்டு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு நான் யாரோடு சுற்றுகிறேன் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். சித்தப்பா சத்தம் போடவில்லை. பொட்டப்பிள்ளை இருக்கிற வீடு, வேறு இடம் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். அவர் மகளுக்கு என்னால் ஆபத்து என்று அந்த மனிதர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று யோசித்து யோசித்துச் சிரித்திருக்கிறேன். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் என்னைவிடப் பத்திரமான ஆள் கிடையாது. ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கிய அன்று சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது, அதன் பின்னாலேயே ஃபோனும் வந்தது. நீ வர வேண்டாம், பெண்ணின் சித்தப்பா துபாயில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாயிற்று என்றான் அண்ணன். அன்றிலிருந்து எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு நான் துபாயில் இருக்கிறேன். நான் ஏறாத விமானத்துக்கு இவர்களாகவே டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

அண்ணனும் சித்தப்பாவும் கெட்டவர்கள் இல்லை. எங்களைப் பிடிக்காமல் யாரும் ஒதுக்குவதில்லை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை ஒன்று இருக்கும், அதற்காகப் பயப்படுகிறார்கள். அதற்கு முடிந்தால் அடுத்தது வளர்ந்து நிற்கும். அந்தப் பயத்துக்கு ஓய்வு என்பதே கிடையாது, எனக்கு ஊரும் கிடையாது.

3

இங்கே வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புரோக்கர், கட்டடச் சொசைட்டி செக்ரட்டரி, போலீஸ் ஸ்டேஷன் என்று ஒரு சுற்று வர வேண்டும். அந்த ஒவ்வொரு சுற்றிலும் ஹரியும் நானும் ஒருவருக்கொருவர் என்ன வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆம்பிளைகள், இரண்டு பேருக்கும் பெண்டாட்டி இல்லை. "பேச்சிலர் நஹீ சலேகா" என்று புரோக்கர், கல்யாணமாகாதவர்களுக்கு வீடு இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். சின்னப் பையன்கள் என்றால் குடிப்பார்கள், பாட்டு வைப்பார்கள் என்று பயம். எங்கள் விஷயத்தில் என்ன பயம் என்று அவனும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

சுனாபட்டி வீட்டில் நாங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. கோவண்டியில் அத்தை மகன், மாமா மகன். செம்பூரில் மறுபடியும் அண்ணன் தம்பி. ஹரி பேசுவது மாட்டுங்கா பாலக்காட்டு ஐயர் வீட்டுத் தமிழ், நான் பேசுவது களக்காட்டுத் தமிழ். இந்த இரண்டும் ஒரே வீட்டில் பிறக்காது என்று தமிழ் தெரிந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் செக்ரட்டரிக்கு இரண்டு பேரும் மதராஸி, ஆகையால் அண்ணன் தம்பி. அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் மதராஸி என்ற சொல்லை நான் மன்னித்திருக்கிறேன்.

ஊரைவிட்டு வந்தவர்கள் பக்கத்தில் தமிழ்க்குரல் கேட்கிறதா என்று பார்த்து வீடு எடுப்பார்கள். நாங்கள் தமிழ்க்குரல் கேட்டால் டெபாசிட் கொடுக்காமல் ஓடிவந்துவிடுவோம். மாடிப்படியில் சாம்பார் வாசம் வந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறும், ஹரி வந்த வழியே படியிறங்கத் தொடங்கிவிடுவான்.

ஹரி இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறான். அங்கே அவனுக்கு ஒரு விவாகரத்து உண்டு. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று தினமும் கேட்டார்கள் என்று, கல்யாணம் ஆகி முறிந்துவிட்டது என்று ஒருநாள் சொல்லிவைத்தான். ஒரு மாதம் எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். அப்புறம் இரண்டாம் தாரத்துக்கு ஜாதகம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இல்லாத பெண்டாட்டியைப் பற்றி நடுநடுவே கேள்வி வரும்போது, போன தடவை என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அதில் தேர்ந்துபோனதாலோ என்னவோ, ஹரிக்குத் தன் மனசில் இருப்பதை நேராகச் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிற்று. எதற்கும் "பாத்துக்கலாம்" என்பான். பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

நாங்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சட்டம் சொல்லிப் பல வருஷம் ஆயிற்று. கல்யாணத்துக்கு மட்டும் இன்னும் இடமில்லை. ஆகவே போலீஸ் எங்களைப் பிடிக்காது, செக்ரட்டரி எங்களை வைத்துக்கொள்ளவும் மாட்டார். நடுவில் ஒரு இடத்தில் நின்றுகொண்டு பதினொரு மாதம் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

4

ஹரியின் அப்பா வீடு மாட்டுங்காவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடி. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் அவரை மாமா என்பேன், ஹரியின் அம்மாவை மாமி என்பேன். மாட்டுங்காவில் எல்லாருக்கும் எல்லாரும் மாமா மாமிதான், அதனால் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

ஆரம்பத்தில் எனக்கென்று அங்கே ஒரு டம்ளர் தனியாக இருந்தது, விளிம்பு நெளிந்தது. சாதி வேறு, அதற்காக. கோபம் வரத்தான் செய்தது. ஹரிக்காக விழுங்கிக்கொண்டேன். எப்போது என்று தெரியாது, அந்த டம்ளர் மற்ற டம்ளர்களோடு கலந்துவிட்டது. மாமியும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாமிக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. நான் வைக்கும் குழம்பில் மிளகாயைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்பார், ஆனால் டப்பாவில் ஊற்றிவைத்துவிட்டுப் போ என்பார்.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருந்தேன். ஹரிக்கு முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறது, தூக்க முடியாது. தோல் கட்டுகளைத் தூக்கிப் பழகிய கை எனக்கு. காலையில் மாட்டுங்காவுக்கு வந்து மாமாவைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அப்படியே தாராவிக்குப் போய்விடுவேன். முதல் கொஞ்ச நாள் கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டு குறை சொல்ல ஆரம்பித்தார், சோப்பு அதிகம், தண்ணீர் சூடு போதாது என்று. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது, உனக்கு ஊரில் யாரும் இல்லையா என்று கேட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் மெதுவாகத்தான் வரும்.

"இருக்காங்க மாமா. அண்ணன் இருக்கான்."

"அவாளுக்குத் தெரியுமோ?"

என்ன தெரியுமோ என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்றேன். தலையைக் குனிந்து காட்டி, சரி, தண்ணியை விடு என்றார். அந்தப் பேச்சு எங்களுக்குள் அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, ரத்த சம்பந்தம் உள்ளவர்களைத்தான் உள்ளே விடுவோம் என்று வாசலில் இருந்தவர் என்னைத் தடுத்தார். அன்றைக்கு மாமாவைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தது யாரோ, மாமாவுக்கு எப்படி இருந்ததோ தெரியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் காலை, காப்பி குடித்த கையோடு போய்விட்டார்.

5

ஹரிக்கு ஒரே அக்கா, ஜயா. முலுண்டில் இருக்கிறாள். என்னை எப்போதும் நீங்க என்றுதான் பேசுவாள். முதலில் மரியாதை என்று நினைத்தேன், பிறகு அது ஒரு தூரம் என்று புரிந்தது. அவள் மகள் நித்யாவுக்கு இப்போது வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பையன், நல்ல இடம். ஜாதகத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஹரி வீட்டுக்குச் சடங்குகள் செய்துவைக்கும் வாத்தியார். மாமாவின் காரியங்களுக்குத் தினமும் வீட்டுக்கு வருகிறவரும் அவர்தான்.

அவர்கள் வழக்கத்தில் சாவுத் தீட்டு மகனுக்குப் பத்து நாள். கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போன மகளுக்கு மூன்றே நாள். எங்கள் பக்கம் இப்படி இல்லை என்பதால் எனக்கு இது விநோதமாக இருந்தது. ஜயா மூன்றாம் நாளோடு குளித்துத் தீட்டைக் கழித்துவிட்டாள். அப்புறம் தினமும் வருவாள், யாரையும் தொடாமல் தள்ளி உட்காருவாள், கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைத்தான் குடிப்பாள். தீட்டுள்ள வீட்டில் தீட்டு இல்லாதவர்கள் கை நனைக்கக் கூடாது. மாமா செத்த அன்றிலிருந்து நான் அங்கேயேதான் கிடந்தேன். ஹரியோடு தரையில் படுத்து, ஹரி சாப்பிடுவதையே சாப்பிட்டேன். யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் ஜயா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள்.

"நீங்க தப்பா எடுத்துக்கப்படாது செல்வம். உங்களுக்குத் தீட்டு கிடையாது. தீட்டுக்காரா ஆத்துல இப்படி இருந்து சாப்பிடறது உங்களுக்கே தோஷம். செம்பூருக்குப் போய் இருங்கோ."

அப்புறம் மீதியையும் சொன்னாள். அம்மா தனியாக இருக்க முடியாது, பதிமூன்றாம் நாள் சுபச் சடங்கு முடிந்ததும் ஹரி இங்கேயே வந்துவிடுவான். நான் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போகலாம். வாத்தியார் மூன்றாம் நாளே, அந்தப் பிள்ளையாண்டான் யார், ராத்திரியும் இங்கேயே இருக்கிறானே என்று விசாரித்தாராம். பெண்ணின் மாமா ஹரி ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கோயம்புத்தூர்க்காரர்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்றாம். சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா செத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது, அவள் பயந்துபோயிருந்தாள், அது நடிப்பில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பதினைந்து வருஷக் குடித்தனத்தைத் துணி காயப்போடும் பால்கனியில் வைத்து ஐந்து நிமிஷத்தில் பிரித்துக் கொடுத்துவிட்டாள். அதிலும் எதைச் சொல்லி என்று பாருங்கள். அந்த வார்த்தையை யாரும் சொல்வதே இல்லை. நியாயமாகத் தோன்றும் வேறு ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார்கள். புரோக்கர் பேச்சிலர் என்றான், சித்தப்பா பொட்டப்பிள்ளை என்றார், ஜயா தீட்டு இல்லை என்றாள். சாஸ்திரத்தோடு நான் எங்கே போய் வாதாடுவது?

6

ஹரியிடம் சொன்னேன். ஈர வேட்டியோடு நின்றுகொண்டு கேட்டான். "பாத்துக்கலாம்" என்றான். என்னத்தைப் பார்ப்பாய், நான் போகவா இருக்கவா, அதைச் சொல் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு வேட்டி நுனியைப் பிழிந்தான். மாற்றுத்துணி எடுத்துவருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். திரும்பி வருவேனா என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

செம்பூர் வீட்டைத் திறந்தால் ஆறு நாள் அடைந்த வாடை. ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கிறது. ஹரி இல்லாமல் நான் மட்டும் போய்ப் புதுப்பித்துக் கொடுங்கள் என்றால் செக்ரட்டரி தருவாரா, தம்பி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது, இப்படி ஏதேதோ ஓடியது. உட்கார முடியவில்லை. பையில் இரண்டு சட்டையைத் திணித்தேன், எடுத்தேன், மறுபடி திணித்தேன். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போதுதான் கோயில் வாசலில் பால்ராஜ் அண்ணாச்சி கேட்டார், நானும் தீட்டு என்றேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஜயா இல்லை என்று சொன்னதனாலேயே என் வாய் உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும்.

குர்லாவில் இறங்கிப் பாலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பக்கம் போனால் மாட்டுங்கா. திரும்பினால் செம்பூர். அண்ணன் மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் இடித்துத் திட்டியதில் மாட்டுங்கா வண்டி நிற்கும் பிளாட்பாரத்துக்கு இறங்கிவிட்டேன். தைரியத்தில் இறங்கினேன் என்று சொன்னால் பொய்.

மாடிப்படியில் நித்யா உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் எழுதும் இதையும் யாராவது படித்துக் காட்டினால்தான் உண்டு. அம்மா என்னிடம் பேசியது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சாரி செல்வம் மாமா. முஜே கோயி ப்ராப்ளம் நஹீ ஹை. என் ஃப்ரெண்ட்ஸ்லயே இந்த மாதிரி எத்தனை பேர் இருக்கா."

தனக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை என்கிறாள். சந்தோஷம் என்றேன். அந்தக் கோயம்புத்தூர்ப் பையனிடம் இதைச் சொல்லுவாயா என்று கேட்டேன். ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது வேண்டாம் மாமா, கல்யாணம் ஆகட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்கிறேன் என்றாள். நல்ல பெண். களக்காட்டில் என் அண்ணன் பட்ட அதே பயத்தை, அந்த ஊரைக் கண்ணால் பார்த்திராத பெண் இந்தி கலந்து சொன்னாள்.

மேலே போனேன். எங்கே போய்த் தொலைந்தாய், சாதம் ஆறிப்போயிற்று என்றார் மாமி. நான் இங்கே சாப்பிடக் கூடாதாமே மாமி, தோஷமாமே என்றேன். அந்த நிலையில் இருக்கிறவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான், ஆனால் வந்துவிட்டது. யார் சொன்னா என்று கேட்டார். நான் சொல்வதற்குள் தட்டை என் பக்கமாக நகர்த்திவிட்டு எழுந்து போனார். நான் சாப்பிட்டேன். பசித்தது.

அதற்குப் பிறகு நான்கு நாள் ஜயா வந்தாள், போனாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். வாத்தியார் வரும் நேரத்தில் நான் சமையலறைக்குள் போய்விடுவேன்.

7

பத்தாம் நாள் காரியம் மாட்டுங்காவில் ஒரு கூடத்தில். தீட்டு உள்ளவர்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கே முழுகிக் குளிக்க வேண்டும். பின்பக்கம் குழாய்களும் வாளிகளும் வரிசையாக இருந்தன. அன்று விடிந்ததிலிருந்து மாமி யாரோடும் பேசவில்லை. கழுத்தில் இருந்ததை எல்லாம் கழற்றியாகிவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். நான் பைகளைப் பார்த்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வேலை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள்காரர்கள் குளிக்க வரலாம் என்றார் வாத்தியார். ஹரி போனான், அவனுடைய சித்தப்பா மகன் ஒருத்தன் போனான். இன்னும் யாராவது உண்டா என்று கேட்டார்.

"அவ்வளவுதான் மாமா" என்றாள் ஜயா, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

"செல்வம் குளிக்கணும்" என்றார் மாமி.

அன்றைக்கு மாமி பேசிய முதல் பேச்சு அது. வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். மனிதர் நல்ல சுபாவம் உள்ளவர்தான், தன்மையாகவே சொன்னார்.

"அவருக்குத் தீட்டு இல்லையே மாமி. ரொம்ப ஒத்தாசையா இருந்திருக்கார், தெரியறது. சிநேகிதர்ங்கற முறையில ஒரு முழுக்கு போட்டுக்கட்டும், தப்பில்லை."

அப்படியே விட்டிருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். நான் குளித்திருப்பேன், ஜயாவுக்கு மூச்சு வந்திருக்கும், கோயம்புத்தூருக்கும் ஒன்றும் போயிருக்காது. நானே தலையாட்டப் போனேன்.

"சிநேகிதனா இல்லே" என்றார் மாமி. "மாட்டுப்பொண்ணுக்கு எத்தனை நாள்?"

வாத்தியாருக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம், யோசிக்காமல் பதில் வந்துவிட்டது.

"பத்து."

"அதான். குளிக்கச் சொல்லுங்கோ."

மகனுக்கு எத்தனை நாளோ, அந்த மகனைக் கட்டிக்கொண்டவளுக்கும் அத்தனை நாள் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வாத்தியார் பஞ்சபாத்திரத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். ஜயா வாயில் தலைப்பை வைத்துப் பொத்திக்கொண்டாள். குழாயடியில் இருந்த ஹரி ஒரு காலி வாளியை எடுத்தான். முதுகு தாங்காதே, வைடா என்று சொல்ல நினைத்தேன். அவன் அதைத் தன் வாளிக்குப் பக்கத்தில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, வா என்று எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டான். பதினைந்து வருஷத்தில் வெளியாட்கள் முன்னால் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வரட்டும் என்று சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த காரியத்துக்குப் போய்விட்டார். அவர் கோயம்புத்தூருக்கு என்ன சொல்வார் என்று இதை எழுதும் இன்றுவரை தெரியாது. சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். அந்த வரன் தட்டிப்போனால் பழி என்மேல்தான் விழும், நித்யா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தால் தூக்கம் போகிறது. மாமி என்னை மருமகள் என்று சொல்லிவிட்டாரே என்று சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது. மாமிக்குத் தெரிந்த முறையில் எனக்கு வேறு இடமே இல்லை. இருக்கிற ஒரே இடத்தை எடுத்துக் கொடுத்தார். நாளைக்கு அவருக்கே மனசு மாறலாம். ஆனால் அன்றைக்கு அந்த வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டபோது நான் அழுதேன். பத்து நாளாக எனக்கு அழ வராமல் இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. மாமாவுக்காக அழுதேன்.

குளித்தாலும் மறுநாள் காலைச் சடங்கு முடியும்வரை தீட்டு போகாது, மற்றவர்கள்மேல் பட்டுவிடக் கூடாது. குழாயடியிலிருந்து கூடத்துக்கு வரும் வழி குறுகலானது. அங்கே ஜயா உலர்ந்த துண்டுகளோடு நின்றிருந்தாள். முன்னால் போன ஹரி தன்மேல் பட்டுவிடாமல் புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று, துண்டை அவன் கையில் படாமல் உயரத்திலிருந்து போட்டாள். அவனுக்குப் பின்னால் நான். ஜயா என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு, அதே மாதிரி சுவரோடு ஒட்டி நின்று, கையில் படாமல் துண்டைப் போட்டாள்.